தாங்குதலும் ஒரு துணிவே

வடசென்னையில் மிதிவண்டி என்றால் அது உழைப்பவரின் வாகனம். காசிமேட்டில் மீனெடுத்துப் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்றவருக்கும், முதல் ஷிப்டுக்குத் துறைமுக வாயிலை நோக்கி விரைந்தவருக்கும், மணலி ஆலைகளின் நேரத்துக்குக் கட்டுப்பட்டவருக்கும் தலைமுறைக் கணக்கில் அது துணை நின்றிருக்கிறது. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் வண்டிகளை உருவாக்கத் தொடங்கிய பின், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்கள் நம் வீடுகளில் உறவினர் பெயர்களைப் போலவே புழங்கின. கறுப்பு வண்ணம், கனத்த இரும்பு, மூட்டையைத் தாங்கும் கேரியர்: இவையே மிதிவண்டியின் இலக்கணம். அந்த வண்டிக்கும் பந்தயத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று நம் மக்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆகவேதான், எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் இரண்டு இலட்சம் ரூபாய்க்கும் மேல் கொடுத்து ஒரு மிதிவண்டி வாங்கினான் என்ற செய்தி, குப்பம் முழுவதும் நம்ப முடியாத செய்தியாகப் பரவியது. அவன் மணலியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். தந்தை ஃபைபர் படகில் கடலுக்குச் செல்பவர். ஒருநாள் மாலைச் செபமாலை முடிந்த பின், அவனுடைய தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார்.

“சாமி, நீங்க சொன்னா அவன் கேப்பான். வண்டியைத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லுங்க. அவங்க நைனா ஒரு வாரமா அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அந்தக் காசுக்கு ஒரு எஞ்சினே வாங்கியிருக்கலாம்.”

மகனைக் கேட்காமல் நான் தீர்ப்புக் கூற விரும்பவில்லை. மறுநாள் வண்டியோடு வரும்படி சொல்லி அனுப்பினேன்.

கரடுமுரடான மலைப்பாதையில் ஓடுவதற்கென்றே அமைந்த வண்டி அது. இந்த விளையாட்டு பழைமையானதன்று. 1976 அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே, இளைஞர் சிலர் பருத்த டயர் கொண்ட பழைய வண்டிகளில் மண்பாதை வழியே மலையிறங்கிப் பந்தயம் விட்டனர். இறக்கத்தில் பின்சக்கரத்து பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். அதை மீண்டும் அடைக்க வேண்டியிருக்கும். அதனால் அப்பாதைக்கு ‘மீண்டும் அடைத்தல்’ என்ற பொருளில் ‘ரீபேக்’ என்றே பெயர் வந்தது. 1990-இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் இவ்விளையாட்டின் முதல் அதிகாரபூர்வ உலக வாகையர் போட்டி நடந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. ‘கிராஸ் கன்ட்ரி’ எனப்படும் பிரிவில், ஏற்றமும் இறக்கமும் கல்லும் வேரும் நிறைந்த சுற்றுப்பாதையைப் பலமுறை சுற்றி வரவேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மூச்சு வாங்கும் ஓட்டம் அது.

2023 அக்டோபரில் கேரளத்துப் பொன்முடியில் ஆசிய மலைமிதிவண்டி வாகையர் போட்டி நடைபெற்றபோது, நம் இளைஞன் இரவு இரயிலில் சென்று பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அன்று தொடங்கியதாம் அந்த ஆசை.

அவன் வாங்கியது ‘ஃபுல் சஸ்பென்ஷன்’ வண்டி. அதாவது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியே அதிர்வுதாங்கி உண்டு. முன்னால் இரு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று அமிழ்ந்து எழும். பின்னால் இருக்கைக்குக் கீழே, ஒரு சாண் நீளங்கூட இல்லாத உருளை ஒன்று சட்டத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கிறது. கிராஸ் கன்ட்ரி வண்டிகளில் சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரைதான். ஒரு கைப்பிடி அகலத்தைவிடச் சற்றே அதிகம்.

நான் கேட்க நினைத்ததை அவன் முந்திக்கொண்டான். “எல்லாரும் சொகுசுக்குன்னு நெனைக்கிறாங்க ஃபாதர். சொகுசு இல்ல. சக்கரம் தரையை விடக் கூடாது. அதுக்குத்தான்.”

விளக்கத்தைக் கேட்டபோது நியாயமாகவே பட்டது. இறுகிய வண்டி கல்லில் மோதினால் முழு வண்டியும் எம்பும். சக்கரம் அந்தரத்தில் இருக்கும் அந்த நொடியில் மிதித்தாலும் பயனில்லை, பிரேக் பிடித்தாலும் பயனில்லை, திருப்பினாலும் திரும்பாது. தரையைத் தொடாத சக்கரத்துக்கு எந்த ஆற்றலும் கிடையாது. அதிர்வுதாங்கி கல்லை அகற்றுவதில்லை. கல்லின் மேல் ஏறும் சக்கரத்தை உள்வாங்கிக்கொண்டு, ஓட்டுபவனை அவன் பாதையில் நிலைநிறுத்துகிறது. கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தொடர்பும் அறுபடாமல் இருக்கிறது.

இரண்டு செய்திகள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தன. ஒன்று, ஓட்டுபவன் ஏறி அமர்ந்ததுமே அதிர்வுதாங்கி தன் அசைவில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ தாழ்ந்துவிட வேண்டும். அதற்கேற்பக் காற்றின் அழுத்தத்தை அமைக்கிறார்கள். கல்லே வராதபோது ஏன் தாழ வேண்டும் என்று கேட்டேன். “மேட்டுக்கு மட்டும் இல்ல ஃபாதர், பள்ளம் வந்தா சக்கரம் அதுக்குள்ளேயும் இறங்கணுமே” என்றான். முன்கூட்டியே தாழ்ந்திருப்பதால்தான் பள்ளத்திலும் தரையைத் தேடிச் சென்று தொட முடிகிறது. மனுவுருவான இறைமகனைப் பற்றிக் குருமடத்தில் பல நூல்கள் வழியே பயின்ற எனக்கு, அந்தப் பதில் புதிதாகவும் பழகியதாகவும் ஒரே நேரத்தில் ஒலித்தது.

மற்றொன்று, அந்த உருளைக்குள் காற்றோடு எண்ணெயும் இருக்கிறது. காற்று சுருள்வில்லின் வேலையைச் செய்கிறது. ஆனால் வில் மட்டும் இருந்தால், அமுக்கிய வேகத்திலேயே திருப்பி உதைக்கும். ஓட்டுபவன் தூக்கி எறியப்படுவான். எண்ணெய் சிறுதுளைகளின் வழியே மெல்லப் பிதுங்கிச் செல்லும்போது, மோதலின் விசை வெப்பமாக மாறித் தணிந்துவிடுகிறது. அடியை வாங்கிக்கொள்வது பாதி வேலை. அதை அப்படியே திருப்பித் தராமல் தனக்குள் தணித்துவிடுவது மறுபாதி. குடும்பச் சண்டைகளைத் தீர்த்து வைக்க அமரும் எந்தக் குருவானவருக்கும், வில் மட்டுமே உள்ள மனிதர் எத்தனை பேர், எண்ணெயும் உள்ளவர் எத்தனை பேர் என்பது தெரியும்.

இத்தகைய வண்டிகளைப் பந்தய உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. எடை கூடும்; மிதிக்கும்போது வண்டி ஊசலாடி ஆற்றலை விழுங்கும்; ஏற்றத்தில் பின்தங்க நேரும் என்றார்கள். வெல்ல விரும்புபவன் இறுக்கமான வண்டியில்தான் ஏற வேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டு வீரர் ஜரோஸ்லாவ் குல்ஹாவி முழு அதிர்வுதாங்கி வண்டியில் வந்து, பின்புறம் இறுகிய வண்டியில் வந்த சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டரை ஒரே ஒரு நொடியில் வென்றார். 2016-இல் ரியோவில் அதே ஷுர்ட்டர், தாமும் முழு அதிர்வுதாங்கி வண்டியில் ஏறித் தங்கம் வென்றார். நெகிழ்வது தளர்வு அன்று என்பதைப் பந்தயக்காரர்கள் ஒப்புக்கொள்ளவே இத்தனை ஆண்டுகள் ஆயின.

விளையாட்டுக்கும் ஆன்மிகத்துக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். பவுலடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதுகையில் ஓட்டப்பந்தயத்தை உவமையாக்கியது தற்செயல் அன்று. அந்நகருக்கு அருகிலேயே ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்து வந்தன. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே மலைமீதுள்ள கிசல்லோ அன்னையை, 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டி ஓட்டுநரின் பாதுகாவலியாக அறிவித்தார். பெரும் வீரர்களின் வண்டிகள் அச்சிற்றாலயத்தில் காணிக்கையாகத் தொங்குகின்றன. அவ்வீரர்களுள் ஒருவர் ஜீனோ பார்த்தாலி. இரண்டாம் உலகப் போரின்போது யூத மக்களைக் காக்கும் போலி ஆவணங்களைத் தம் வண்டியின் குழாய்க்குள் மறைத்து எடுத்துச் சென்றவர் அவர். வண்டி ஒரு பொருள்தான். அது எதைச் சுமக்கிறது என்பதே கேள்வி.

ஆனால் அந்தத் தாயின் கேள்வி இன்னும் எஞ்சி நின்றது. தந்தையைப் பார்க்கச் சென்றேன். கடற்கரையில் படகின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பற்றி நான் பேச்செடுத்ததும் வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததை நாம் மறக்கவில்லை. படகுகளின் விளிம்பெல்லாம் கறுத்தது; வலைகள் வீணாயின; பிடித்த மீனையும் வாங்குவார் இல்லை. அந்த வாரத்தில்தான் மகன், பொன்முடியிலிருந்து திரும்பியபின் வண்டிக்கென்று எடுத்து வைத்த சேமிப்பை முழுவதுமாகத் தந்தையிடம் கொடுத்திருக்கிறான். வலையும் எஞ்சினும் அதில்தான் சீராயின. அடுத்த ஓராண்டுக்கு மேல் அவன் பழைய இறுகிய வண்டியிலேயே ஓடிக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து சேர்த்திருக்கிறான்.

“கோவம் இல்ல சாமி,” என்றார். “அவன் காசைத் தின்னுட்டு எந்த வாயால வேணாம்னு சொல்றது? வேணும்னும் சொல்ல வரல. அதான் பேசல.”

தாய் சினம் என்று கண்டது, உண்மையில் நாணம். மெளனமும் ஒருவகை இறுக்கமே. அதில் மோதிய மகன் தூக்கி எறியப்பட்டுக்கொண்டிருந்தான். தந்தைக்கு அது தெரியவில்லை.

மகனை அழைத்தேன். வண்டியை மணலில் நிறுத்தினான். தந்தை எழுந்து வந்து, இருக்கையின் மேல் கை வைத்து ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். அது இறங்கி மெல்ல எழுந்தது. மறுபடியும் அமுக்கினார். பிறகு சிறு பிள்ளையைப் போலச் சிரித்தார். “இது நம்ம தையல் படகுடா” என்றார்.

அந்தச் சொல்லின் பின்னால் இருக்கும் வரலாற்றை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சென்னைக்குத் துறைமுகம் அமையும்முன் கப்பல்கள் கரையிலிருந்து விலகியே நங்கூரமிட்டன. இடையில் சீறும் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. ஐரோப்பியரின் இறுகிய படகுகள் இந்த அலையில் பிளந்தபோது, தையல் படகு ஒவ்வோர் அடிக்கும் நெளிந்து கொடுத்துக் கரையேறியது. அந்தப் படகோட்டிகளே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பினர். பாறை என்னும் பொருள்படும் பெயர் பெற்ற திருத்தூதருக்கு, நெளிந்து கொடுக்கும் படகால் பிழைத்த மக்கள் கட்டிய கோவில்! பாறையும் வேண்டும், பாறைமேல் மோதாமல் கடக்கும் படகும் வேண்டும் என்பதை அவர்கள் நூல் படித்துக் கற்கவில்லை.

பின்னர் கல்லாலும் கான்கிரீட்டாலும் துறைமுகச் சுவர்கள் வந்தன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். அதனால் நாட்டுக்குக் கிடைத்த நன்மை பெரிது. ஆயினும், வடக்கு நோக்கி நகரும் கடல்மணலை அச்சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. நம் கரையைக் காக்கக் கல் கொட்டினால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. அதற்கும் ‘தூண்டில் வளைவு’ கேட்டு மக்கள் மறியல் செய்கிறார்கள். வளையாத சுவர் அலையை அழிப்பதில்லை. அடுத்தவர் வாசலுக்கு அனுப்பிவிடுகிறது. இறுக்கமான மனிதர் வாழும் வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. அவர் அடி வாங்குவதில்லை. அவர் வாங்க மறுத்த அடிகளை வேறு யாரோ வாங்குகிறார்கள்.

புனித தாமஸ் அக்குவினாஸ் துணிவு என்னும் நற்பண்பை ஆராய்கையில், தாக்குவதைவிடத் தாங்குவதே அதன் முதன்மைச் செயல் என்று நிறுவுகிறார். தாங்குபவன் தன்னைவிட வலியதை எதிர்கொள்கிறான். ஆபத்து அவனுக்கு வருங்காலத்தில் இல்லை, கண்முன்னே இருக்கிறது. அதையும் நெடுநேரம் பொறுத்து நிற்கிறான். இவையே அவர் காட்டும் காரணங்கள். குருமடத்தில் இதைப் படித்தபோது, தாங்குதல் என்றவுடன் அசையாத தூண் ஒன்றே என் மனக்கண்ணில் நின்றது. இப்போது ஒரு தையல் படகும், இருக்கைக்குக் கீழே எண்ணெய் நிரம்பிய சிறு உருளையும் நிற்கின்றன. அநீதியைக் கண்டும் வாளாவிருப்பதை நான் தாங்குதல் என்று கூறவில்லை. எண்ணெய் படர்ந்த கழிமுகத்துக்கு நீதி கேட்பது நம் கடமை. தரையை விட்டு எம்பிவிட்ட சக்கரத்தால் முன்னேற முடியாததைப் போல, மக்களோடு தொடர்பு அறுந்தவனால் நீதியும் கேட்க முடியாது என்பதையே கூற விழைகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த மலைச்சரிவு ஒன்றில் நடந்த சிறிய பந்தயத்துக்குத் தந்தையும் நானும் அவனோடு சென்றோம். முப்பது பேருக்கு மேல் ஓடினார்கள். அவன் பதினோராவதாக வந்தான். முதலில் வந்த மலைநாட்டுச் சிறுவன் ஓட்டியதோ, பின்புறம் அதிர்வுதாங்கி இல்லாத எளிய வண்டி. விலை உயர்ந்த வண்டி கால்களையும் நுரையீரலையும் தந்துவிடுவதில்லை என்பதை அனைவரும் நேரில் கண்டோம். கடல்மட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஏற்றம் கடினமாகவே இருந்தது. ஆனால் மரவேர்கள் பின்னிக்கிடந்த இறக்கத்தில் அவன் வந்தபோது, வண்டி அவனுக்குக் கீழே அலைபோல் எழுந்து தாழ, அவன் தலை ஆடாமல் நேராக இருந்தது. தந்தை கயிற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அலையைப் பாத்து வாங்குறான்” என்று மட்டும் சொன்னார். கடலோடி ஒருவர் தரும் பாராட்டில் இதற்கு மேல் இல்லை.

திரும்பும் வழியில் அவன் ஒரு செய்தி சொன்னான். அதிர்வுதாங்கிக்குள் இருக்கும் எண்ணெய் நாளடைவில் கெட்டுப்போகும். இத்தனை மணி நேரம் ஓடினால் பிரித்துத் துடைத்து, இரப்பர் வளையங்களை மாற்றிப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்றுதான் இருக்கும்; உள்ளே வறண்டுபோனது தெரியாது. ஒருநாள் திடீரென்று தாங்காமல் போகும்.

அப்போது எனக்கு அவன் தாயின் நினைவு வந்தது. எண்ணெய் படர்ந்த டிசம்பரில் அடுப்பை அணையாமல் காத்தவர் அவர். தந்தையின் மெளனத்தையும் மகனின் ஆசையையும் இருபுறமும் வாங்கிக்கொண்டவர் அவர். குப்பத்தாரின் ஏச்சும் அவர் காதில்தான் விழுந்தது. நம் பங்குகளில் ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார். அவர் தாங்குகிறார் என்பதாலேயே அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நாம் எண்ணிவிடுகிறோம். நம் மறையுரைகளும் பொறுமையைப் புகழ்ந்து அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிடுகின்றன. தாங்குபவரை யார் தாங்குவது? அவரை அமரவைத்துக் கேட்பதற்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது நம்மிடம் உண்டா?

இந்தக் கேள்வியை அந்த வாரமே அன்பியக் கூட்டங்களில் வைத்தேன். பெண்கள் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருவர் பேசத் தொடங்கினார். அன்று கூட்டம் முடிய இரவு பத்து மணி ஆயிற்று.